மாதச் சாமான்: சீட்டு எழுதுவதிலிருந்து டப்பாவில் கொட்டுவது வரை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக வேலூருக்கு வந்த இளசுகள். வந்த முதல் வாரமே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஆன்ட்டி, மளிகை எங்கே மலிவா கிடைக்கும்?” என் மருமகளும் கல்யாணமாகி வந்த புதிதில் இதையேதான் கேட்டாள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியது. வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் மலிவான கடையைத் தேடிப் போகிறவர்கள் மலிவாக வாங்கி வண்டுக்குப் போடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மாதம் ஒன்றும் மிச்சமாகாது. மூன்றாவது மாதத்திலிருந்து தெரியும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. டப்பாவில் எழுத அழியாத மார்க்கர் பேனா ஒன்று. சமையலறை மேடையில் வைக்கிற சின்ன மின்னணுத் தராசு. முடிந்தால் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 50 கிலோ தாங்குவதாக இருந்தால் அரிசி மூட்டைக்கும் ஆகும், கேஸ் சிலிண்டருக்கும் ஆகும். சிலிண்டரின் மேல் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கெட்டியான துணிப்பை நான்கு. பிளாஸ்டிக் கவருக்கு 2019-லிருந்து தடை இருப்பதால் கடையில் தரும் மெல்லிய பைக்குத் தனிக் காசு கேட்பார்கள், அதுவும் பாதி வழியில் கிழியும்.

டப்பாக்களை இப்போதே புதிதாக வாங்க வேண்டாம். எந்தச் சாமான் எவ்வளவு தேவை என்று தெரிந்த பிறகு வாங்கினால்தான் அளவு சரியாக அமையும். டப்பா பெரிதாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லிக் கை அரிக்கும்.

1. ஒரு மாதம், எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

இந்த ஒரு மாதம் வழக்கமான கடையிலேயே, வழக்கம்போலவே வாங்குங்கள். ஒரே ஒரு வேலை மட்டும் கூடுதல்: பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன் மேல் எழுதுங்கள். தீர்ந்த நாளை நோட்டில் எழுதுங்கள். துவரம்பருப்பு அரை கிலோ 3-ஆம் தேதி பிரித்தது, 9-ஆம் தேதி தீர்ந்தது. அவ்வளவுதான்.

சோப்பு, பல்பசை, பாத்திரம் துலக்கும் சோப்பு, துணி சோப்புத்தூள், கேஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அரிசி, பருப்பை எழுதுவார்கள், குளியலறைச் சாமானை விட்டுவிடுவார்கள். மாத நடுவில் தெருமுனைக் கடைக்கு ஓட வைப்பது அரிசி அல்ல, பல்பசையும் தீப்பெட்டியும்தான்.

எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது மூன்றரை. மீதி ஒன்றரை லிட்டர் “இருக்கட்டும்” என்று வாங்கியது. இருந்தால் கை தாராளமாகத்தான் ஊற்றும். பஜ்ஜி நாட்கள் கூடின, வேறொன்றுமில்லை.

தீபாவளி, பொங்கல் மாதத்திலோ, வீட்டில் விசேஷம் இருக்கும்போதோ, ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து தங்கும் மே மாதத்திலோ இந்த அளவை எடுக்காதீர்கள். கணக்கு வீங்கிவிடும்.

2. ரேஷனை முதலில் கழித்துவிடுங்கள்

மளிகைச் சீட்டு எழுதிவிட்டு அப்புறம் ரேஷனுக்குப் போனால் ஒரே பொருள் இரண்டு முறை வீட்டுக்கு வரும். அதனால் ரேஷன்தான் முதல்.

அரிசி கார்டுக்குத் துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ வரை, கிலோ 25 ரூபாய். அரிசிக்குக் காசில்லை. பருப்புக்கும் எண்ணெய்க்கும் வெளியே மூன்று நான்கு மடங்கு விலை. அந்த இரண்டை மட்டும் தவறாமல் வாங்கினாலே மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் கையில் நிற்கும். பருப்பைச் சாம்பாருக்குத் தனியாக வேக வைக்காமல் வெளியே வாங்கிய பருப்போடு பாதிக்குப் பாதி கலந்து போட்டால் வித்தியாசம் தெரியாது. புழுங்கல் அரிசி இட்லி மாவுக்குப் போகும்.

சில மாதம் பருப்பும் பாமாயிலும் தாமதமாக வரும். வரவில்லையென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே அரை கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மாதத்துக்கு வாங்கிவிடாதீர்கள். சொந்த ஊர் முகவரியில் கார்டு இருக்கிறது என்று வாங்காமலே விடுகிறவர்கள் முகவரி மாற்றத்தை இணையத்திலேயே போடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சோம்பல் பட்டு வருடக்கணக்கில் விடுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

3. சாமான்களை நாலு கூறாகப் பிரியுங்கள்

“மொத்தமாக வாங்கினால் மலிவு” என்பது பாதி உண்மை. எதை மொத்தமாக வாங்கலாம், எதைக் கூடாது என்பதை நம் ஊர் வெயில்தான் முடிவு செய்யும்.

வருடத்துக்கு ஒரு முறை: புளி, காய்ந்த மிளகாய், தனியா, மஞ்சள். புதுப் புளியும் புது மிளகாயும் மாசி, பங்குனியில் வரத்து அதிகம், அப்போதுதான் விலை இறங்கும். ஜவ்வாது மலைப் புளி வரும் காலமும் அதுதான். அதை அடுத்து வரும் சித்திரை வெயிலில் காய வைத்துவிடலாம். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலால் நமக்கு ஆகும் ஒரே உபகாரம் இது. புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, இரண்டு வெயில் காட்டி, கல் உப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த மாசி வரை நிற்கும். கொட்டையோடு வாங்கும்போது கிலோ விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கிலோ வாங்கி, கொட்டை எடுத்து, மிச்சத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஐந்து கிலோ வாங்குங்கள்.

குழம்பு மிளகாய்த்தூளும் அப்படித்தான். சாமானை வாங்கி, காய வைத்து, மிஷினில் கொடுத்து அரைத்தால் பாக்கெட் தூளைவிடக் கணிசமாகக் குறையும். ஆனால் ஒரே தடவையில் ஒரு வருடத்துக்கு அரைக்காதீர்கள். மிளகாயாக ஒரு வருடம் இருக்கும், தூளாக நாலு மாதத்துக்கு மேல் நிறமும் வாசனையும் போய்விடும்.

மாதத்துக்கு ஒரு முறை: அரிசி, பருப்பு வகைகள், உளுந்து, எண்ணெய், சர்க்கரை, உப்பு, காபித்தூள், டீத்தூள், சோப்பு வகைகள். நாம் எழுதப்போகும் சீட்டு இந்தக் கூறுக்குத்தான்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை: ரவை, மைதா, கோதுமை மாவு, கடலை மாவு, சேமியா. வண்டு முதலில் பிடிப்பது இவற்றைத்தான். ஒரு சித்திரை மாதம், 5 கிலோ ரவை வாங்கினால் 1 கிலோ இலவசம் என்று ஒரு கடையில் போட்டிருந்தார்கள். ஆறு கிலோவையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வைகாசி பிறப்பதற்குள் டப்பாவைத் திறந்தால் ரவை நூல் கட்டியது மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே வெள்ளைப் புழு. சலித்துப் பார்த்தேன், வறுத்துப் பார்த்தேன், கடைசியில் கோழி வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்தேன். இலவசக் கிலோவையும் சேர்த்துத்தான்.

வெயில் காலத்தில் இந்தக் கூறை ஒரு வாரமாகக்கூடக் குறைக்கலாம். ரவையை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆற வைத்து மூடினால் மாதம் வரை தாங்கும். ஆறாமல் மூடினால் ஆவி வியர்த்துக் கட்டிவிடும்.

அன்றாடம்: பால், கீரை, பூ. இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள். பத்து ரூபாய் கீரையில் இரண்டு ரூபாய் குறைக்க நடக்கும் நடைக்குக் கூலி கிடையாது.

4. எல்லா விலையையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்

நோட்டில் பத்துப் பொருளுக்கு மட்டும் விலைப் பக்கம் போடுங்கள். செலவில் பெரும் பங்கு போவது அந்தப் பத்தில்தான்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, டீ அல்லது காபி, துணி சோப்பு, குளியல் சோப்பு, மிளகாய், பால். எல்லாவற்றுக்கும் எழுதப் போனால் இரண்டாவது மாதமே நோட்டை மூடிவிடுவீர்கள்.

பாக்கெட் விலையை எழுதாதீர்கள். கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு என்ன விலை என்று எழுதுங்கள். ஏன் என்றால், பாக்கெட் அளவு இப்போது ஒன்றுபோல் இல்லை. எண்ணெயில் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே பளபளப்பில் 800 கிராம் பாக்கெட் ஒன்று நிற்கும். கணக்குக்காகச் சொல்கிறேன்: 910 கிராம் 140 ரூபாய், 800 கிராம் 130 ரூபாய் என்று வையுங்கள். கை இரண்டாவதற்குப் போகும். வகுத்துப் பார்த்தால் முதலாவது 100 கிராம் 15 ரூபாய் 38 பைசா, இரண்டாவது 16 ரூபாய் 25 பைசா.

செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: “கிலோவா, லிட்டரா?” ஒரு செக்கில் கிலோ கணக்கு, அடுத்ததில் லிட்டர் கணக்கு. இரண்டுக்கும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

வகுக்கத் தெரியவில்லை, போன் எடுக்க நேரமில்லை என்றால், பாக்கெட்டிலேயே அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அலகுக்கான விலை அச்சிட்டிருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது கிராமுக்கு இருக்கும், கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு. கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கி ஒப்பிடுங்கள். ஆனால் அது அச்சிட்ட விலைக்குப் போட்ட கணக்கு. கடையில் தள்ளுபடி கொடுத்தால் நீங்களே திரும்பப் போட வேண்டும்.

அரிசி மூட்டையில் இன்னொரு குழப்பம். சில கடையில் 25 கிலோ மூட்டை, சில கடையில் 26 கிலோ. யாரும் தாராளமாக ஒரு கிலோ கூடுதலாகப் போடவில்லை. 2022 ஜூலை 18-லிருந்து, அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் போனால் இல்லை. அதனால் வந்ததுதான் 26. மூட்டை விலையைப் பார்த்து “அந்தக் கடையில் 40 ரூபாய் குறைவு” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் 25-ஐயும் 26-ஐயும் ஒப்பிட்டிருப்பார்கள்.

சோப்பில் எடை மட்டும் போதாது. உறையின் பின்பக்கம் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் இருக்கும், சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். குறைந்த தரம் தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று கரையும். “நாலு சோப்பு கட்டு மலிவு” என்று வாங்கியது மூன்று வாரத்தில் தீர்ந்து போவதற்குக் காரணம் அதுதான்.

பெரிதாக வாங்கினால் மலிவு என்ற விதி ஷாம்பூவில் தலைகீழாகும். பல பிராண்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட் சரத்தை வாங்கினால் மில்லிக்குப் பாட்டிலைவிடக் குறைவாகவே வரும். அதோடு, பாட்டில் கையில் இருந்தால் பிள்ளைகள் பாதியைத் தரைக்கு ஊற்றுவார்கள்.

5. எதை எங்கே, எந்த நேரத்தில்

இப்போதுதான் மாடிப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம்.

மாதச் சாமானுக்கு லாங்கு பஜாரும் மண்டித் தெருவும். சில்லறையாகக் கொடுக்கும் மொத்தக் கடைகள் அங்கே உண்டு. பருப்பு, உளுந்து, வெல்லம், மிளகாய் இவற்றில்தான் தெருமுனைக் கடைக்கும் அங்கேக்கும் நல்ல வித்தியாசம். கம்பெனிப் பாக்கெட்டுகளில் அவ்வளவு இல்லை, சோப்புக்காக மட்டும் பஜாருக்குப் போவது வீண். மாதம் முதல் ஐந்து தேதி சம்பளக் கூட்டம், சாயந்திரம் என்றால் கால் வைக்க இடமிருக்காது. நான் போவது 8-ஆம் தேதிக்கு மேல், வார நாளில், காலை பத்தரை மணிக்கு. சரக்கு இறக்கும் வண்டிகள் ஓய்ந்திருக்கும், கடைக்காரருக்கும் பதில் சொல்லப் பொறுமை இருக்கும்.

போக்குவரத்தையும் விலையில் சேருங்கள். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் போகும்போது பழைய பஸ் ஸ்டாண்டு வரை பஸ், அங்கிருந்து நடை. திரும்பும்போது மூட்டையோடு ஆட்டோ. அந்த ஆட்டோ காசைவிட மிச்சம் கூடுதலாக வந்தால்தான் பயணம் லாபம். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் வராது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகலாம், அல்லது பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு மூட்டையைப் பங்கு போடலாம். மாடியில் இருந்த இரண்டு பெண்கள் இப்படித்தான் எங்களோடு அரிசி வாங்கினார்கள். கொக்கித் தராசு அதற்குத்தான் முதலில் வாங்கியது.

அரிசிக்கு ஆரணி, களம்பூர் பக்கம் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு வசதி. ஆனால் பெயரைக் கேட்டு மூட்டை எடுக்காதீர்கள். அதே ரகத்தில் ஒரு கிலோ வாங்கி இரண்டு நாள் வடித்துப் பாருங்கள். தை அறுப்புக்குப் பின் வரும் புது அரிசி குழையும், தண்ணீரும் குறைவாகத்தான் இழுக்கும். ஆறு மாதம் போன பழைய அரிசி உதிரியாக வரும், சாதமும் கூடக் காணும். கிலோவுக்கு நாலைந்து ரூபாய் அதிகமென்றாலும் பழையதுதான் எனக்குக் கட்டுபடியாகிறது.

காய்கறிக்கு டோல்கேட், காகிதப்பட்டறை, காட்பாடி உழவர் சந்தைகள். விலை அன்றன்று பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசும் நேரம் மிச்சம். காலை ஏழுக்குள் போனால் நல்ல காய், பதினொன்றுக்கு மேல் போனால் மலிவான காய். எதுவும் உங்கள் இஷ்டம். நேதாஜி மார்க்கெட்டில் வெங்காயம், உருளை, தேங்காய் மாதிரி தாங்குகிற சரக்கு வாங்குங்கள். தக்காளியைப் பெட்டியோடு வாங்குவது கல்யாண வீட்டுக்குச் சரி.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கண்ணில் பட்டால் மட்டும் விலை பார்க்க மாட்டேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு முன்பிருந்தே அப்படித்தான். எந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

6. சீட்டு எழுதும் முறை

நோட்டில் உள்ள மாதத் தேவையிலிருந்து வீட்டில் மிச்சமிருப்பதைக் கழியுங்கள். டப்பாவைத் திறந்து பார்த்துக் கழியுங்கள், நினைவிலிருந்து அல்ல. நினைவில் சோம்பு எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மூன்று பாக்கெட் சோம்பு இருந்தது.

பொருள், ரகம் அல்லது பிராண்டு, அளவு என்று மூன்றையும் எழுதுங்கள். “துவரம்பருப்பு, நல்லதா” என்று எழுதினால் கடையில் இருப்பதிலேயே விலை கூடியது வரும். வாட்ஸப்பில் சீட்டை அனுப்பி வீட்டுக்கே வரவழைக்கிறவர்கள் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: “இல்லாத பொருளுக்குப் பதில் வேறு போட வேண்டாம், போன் செய்யுங்கள்.”

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். என் மருமகள் திருநெல்வேலிப் பக்கம். முதல் மாதம் அவள் எழுதிய சீட்டில் “மல்லி கால் கிலோ” என்றிருந்தது. கடைப் பையன் போன் செய்து, “அக்கா, பூ நாங்க விக்கிறதில்லையே?” என்றான். இந்தப் பக்கம் அது தனியா. பெருஞ்சீரகம் என்றால் சிலருக்குப் புரியாது, சோம்பு என்று எழுதுங்கள். வெறுமனே “கடலை” என்று எழுதினால் வேர்க்கடலையும் வரலாம், கொண்டைக்கடலையும் வரலாம், பொட்டுக்கடலையும் வரலாம்.

சீட்டைக் கடை வரிசையில் பிரித்து எழுதுங்கள்: மளிகை, எண்ணெய், காய், மற்றவை. ஒரே பட்டியலாக எழுதினால் அதே தெருவில் மூன்று தடவை திரும்பி நடப்பீர்கள்.

7. கடையில்

முதலில் மளிகைக் கடையில் சீட்டைக் கொடுங்கள். அவர்கள் கட்டுவதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும், அந்த நேரத்தில் மற்றவற்றை முடியுங்கள். காயும் பூவும் கடைசி. வெயிலில் ஒரு மணி நேரம் பையில் கிடந்த கொத்தமல்லி வீட்டுக்கு வரும்போது வைக்கோல்.

ஆனால் சீட்டைக் கொடுத்த உடனே நகர்ந்துவிடாதீர்கள். பருப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

“அண்ணா, துவரம்பருப்பு ஒரு கை காட்டுங்க.”

“ரெண்டு இருக்குதும்மா. இது 8 ரூபா கம்மி.”

அந்த எட்டு ரூபாய்ப் பருப்பை உள்ளங்கையில் வைத்து ஊதுங்கள். தவிடும் உடைசலும் பறந்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். ஈரப் பருப்புக்கு எடையும் கூடுதல், வண்டும் சீக்கிரம்.

எடை போடும்போது தராசின் எண் சைபரில் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவோ பையோ வைத்து நிறுத்தால் அதன் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். சொல்வதில் கூச்சம் வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பில்லைக் கடையிலேயே நின்று சரிபாருங்கள். அளவு, விலை, மொத்தம் என்று மூன்றையும். ஒரு தடவை 2 லிட்டர் வாங்கிய எண்ணெய்க்கு 5 லிட்டர் போட்டிருந்ததை மூன்றாம் நாள் நோட்டில் எழுதும்போதுதான் பார்த்தேன். திரும்பப் போய்ச் சொன்னால், “எடுத்துட்டுப் போயிருப்பீங்கம்மா” என்றார்கள். அவர் பொய் சொல்லவில்லை, நிரூபிக்க எனக்கும் வழியில்லை. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால் மட்டும் அது வேறு விஷயம், பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பெட்டிக்குள் கட்டியதைச் சீட்டோடு ஒவ்வொன்றாக டிக் போட்டு ஏற்றுங்கள். விட்டுப்போவது எப்போதும் சின்னப் பொட்டலம்தான்: மிளகு, ஏலக்காய், கசகசா. விலை கூடியதும் அவைதான்.

8. வீட்டுக்கு வந்ததும்

களைப்பாக இருக்கும். இருந்தாலும் அன்றே கொட்டி வையுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பழையதன் மேல் புதியதைக் கொட்டும் வேலை நடக்கும், பழையது அடியிலேயே கிடந்து கெடும்.

டப்பாவைக் காலி செய்து, துடைத்து, ஈரம் போன பிறகு புதியதைக் கொட்டி, பழையதை மேலே போடுங்கள். மூடியில் தேதி.

பருப்பையும் உளுந்தையும் ஒரு வெயில் காட்டலாம். ஆறிய பிறகுதான் மூட வேண்டும். அரிசிக்கு மட்டும் நேர் வெயில் ஆகாது. வெடித்து நொய்யாகும், நிழலில் பரப்புங்கள். அரிசி டிரம்மில் காய்ந்த வேப்பிலையோ வசம்பு இரண்டு துண்டோ துணியில் முடிந்து போட்டு வைத்தால் வண்டு அவ்வளவாக வராது. ஏற்கெனவே முட்டையோடு வந்த அரிசிக்கு இது மருந்தல்ல. அதற்கு வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

பிரிட்ஜில் இடமிருந்தால் கடலை மாவும் ரவையும் பிரீசரில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும். கண்ணுக்குத் தெரியாத முட்டை செத்துவிடும்.

சோப்பு, பல்பசை உபரியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரியில் நாலு சோப்பு இருந்தால் பழைய சோப்பின் கடைசி வில்லையை யாரும் தேய்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் உட்பட.

9. மாதம் 25-ஆம் தேதி

எல்லா டப்பாவையும் ஒரு சுற்றுப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். எது மிஞ்சும், எது முன்கூட்டியே தீர்ந்தது என்று நோட்டில் இரண்டு வரி. இரண்டு மாதம் தொடர்ந்து மிஞ்சினால் அந்தப் பொருளின் அளவைக் குறையுங்கள். ஒரு மாதம் மிஞ்சியதைப் பார்த்தே குறைக்காதீர்கள், அந்த மாதம் நீங்கள் ஊருக்குப் போயிருக்கலாம்.

முன்கூட்டியே தீர்ந்ததைத் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடையைக் கைவிட்டுவிடாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு விருந்தாளி வந்து நின்றால் கதவு திறந்திருப்பது அதுதான், சில்லறை இல்லை என்றாலும் “நாளைக்குக் குடும்மா” என்பதும் அங்கேதான்.

நோட்டைச் சமையலறையில் ஓர் ஆணியில் மாட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வைத்தால் பிள்ளைகள் ஹோம்வொர்க்குக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் பருப்பு எந்தத் தேதியில் பிரித்தது என்று திரும்பவும் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும்.